செயலி உங்க கைக்கு வந்து சேரும் பாதை

தளவாய்புரத்தில் பொதுமக்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.



முதல்ல ரெண்டு கேள்வி கேட்டுடறேன். உங்க போன்ல 'அப்டேட் வந்திருக்கு'ன்னு காட்டும்போது, 'அப்புறம் பாத்துக்கலாம்'னு தள்ளி விடுறவங்க எத்தனை பேர்? அடுத்த கேள்வி. 'உங்க வண்டிக்கு அபராதம் விழுந்திருக்கு, விவரம் பார்க்க இதைத் திறங்க'ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்தா, அதைத் தொட்டுப் பார்க்கிறவங்க எத்தனை பேர்?

ரெண்டும் வேற வேற விஷயம் மாதிரி தெரியும். ஆனா ரெண்டுக்கும் பின்னால இருக்கிறது ஒரே விஷயம்தான்: ஒரு செயலி எங்கே உருவாகி, யார் கை மாறி, எந்தப் பாதையில் உங்க போனுக்கு வந்து சேருது என்பது. அந்தப் பாதையைக் காப்பாத்துறது தனியா ஒரு வேலை. அதைச் செய்யறவங்க பெயர் வெளியே தெரியாது. அந்த வேலையைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். ஏன்னா, அந்தப் பாதையின் கடைசி அடி உங்க கையில இருக்கு.

எழுதுவது ஒரு வேலை, கட்டுவது இன்னொரு வேலை

நைட்டி தைக்கிற ஊருக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். ஒருத்தர் டிசைன் வரைஞ்சு கொடுத்துட்டார்னா நைட்டி தயாராயிடுமா? ஆகாது. துணி ஒரு இடத்திலிருந்து வரணும், நூல் ஒரு இடத்திலிருந்து, ஜிப்பும் பட்டனும் வேற இடத்திலிருந்து வரணும். கட்டிங் போடணும், தைக்கணும், ஓவர்லாக் அடிக்கணும், பிசிறு வெட்டணும், செக்கிங் பண்ணணும், அயர்ன் பண்ணி மடிச்சுக் கவர்ல போட்டுப் பெட்டி கட்டணும். அப்புறம்தான் அது கடைக்குப் போகும்.

மென்பொருளும் அப்படித்தான். நிரலாளர்கள் எழுதுவதை மூல நிரல் என்கிறோம். அது வெறும் எழுத்து. படிக்கலாம், ஆனா போனில் அப்படியே ஓடாது. அதை இயந்திரத்துக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்றி, மற்றவர்கள் எழுதி வைத்த நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பகுதிகளோடு சேர்த்து, சோதித்து, ஒரே பொட்டலமாக ஆக்கணும். இந்த வேலைக்குத்தான் 'பில்ட்' என்று பெயர். அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, போனிலோ கணினியிலோ ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறதுதான் இன்ஸ்டாலர், தமிழில் நிறுவி.

இதில் கஷ்டம் எங்கே? டிசைன் மாறவே இல்லை, ஆனா மில்லிலிருந்து வரும் துணி இந்த முறை கொஞ்சம் அதிகமாகச் சுருங்குதுன்னு வைங்க. போன மாசம் சரியா இருந்த அளவு இந்த மாசம் சரியா வராது. மென்பொருளில் இது அடிக்கடி நடக்கும். நம்ம நிரலில் ஒரு வரிகூட மாத்தியிருக்க மாட்டோம். ஆனா நாம் பயன்படுத்துற இன்னொருவரின் பகுதி மாறியிருக்கும், ஆண்ட்ராய்டு மாறியிருக்கும், பிளே ஸ்டோரின் விதி மாறியிருக்கும். உதாரணமா, 2019 ஆகஸ்டிலிருந்து 64 பிட் வடிவமும் இருந்தால்தான் செயலியை ஏற்போம் என்று பிளே ஸ்டோர் விதி கொண்டு வந்தது. அதற்காகப் பல செயலிகளை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. பயன்படுத்துறவங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. 'இந்த அப்டேட்ல புதுசா ஒண்ணும் இல்லையே'ன்னு நினைச்சிருப்பீங்க. உள்ளே அடித்தளமே மாறியிருக்கும்.

சென்னையில் கட்டப்படும் ஒரு பெரிய பொட்டலம்

நம்ம மாநிலத்திலிருந்தே ஓர் உதாரணம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் படிச்ச பிள்ளைகள் இங்கே இருப்பீங்க. பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்றும் இருந்திருக்கும். பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம்தான் பாஸ். இதை உருவாக்கியது மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம்.

சென்னையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினாங்களா? இல்லை. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் மேல் கட்டினாங்க. டெபியனை 1993இல் இயன் மர்டாக் தொடங்கினார். இன்றுவரை உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் நடத்தி வருகிறார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பொட்டலங்கள் உண்டு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரோ ஒரு குழுவோ இருக்கும். ஒரு பொட்டலத்தில் ஓட்டை கண்டுபிடிச்சா, அதை அடைத்து, மறுபடி கட்டி, அதை நம்பியிருக்கும் மற்றவை உடையாம இருக்கான்னு பார்த்து வெளியிடணும். அதை எடுத்துப் பயன்படுத்துற பாஸ் போன்ற இயங்குதளங்களும் தங்கள் பக்கத்தில் கட்டி வெளியிடணும். இது முடிவே இல்லாத வேலை.

நிறுவியில் தமிழ் வந்த கதையும் சுவாரசியமானது. பழைய நிறுவிகள் வெறும் எழுத்துத் திரையில் ஓடும். அந்தத் திரையில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று கணக்கு. ஆங்கிலத்துக்கு அது போதும். நம்ம 'கொ'வைப் பாருங்க. ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். சேமிக்கும்போது ககரம் முதலில், குறி பிறகு. காட்டும்போது குறி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போகணும். கட்டம் கட்டமான திரையால் இதைச் செய்ய முடியாது. 2007 ஏப்ரல் 8 அன்று வெளியான டெபியன் 4.0இல் படத்திரையில் ஓடும் நிறுவி வந்தது. கணினியைத் திறந்து இயங்குதளத்தை நிறுவும் முதல் திரையிலிருந்தே தமிழில் படித்துச் செய்ய அது வழி திறந்தது. இன்றும் அந்த நிறுவியில் தமிழ் வேணும்னா படத்திரையைத்தான் தேர்ந்தெடுக்கணும். தமிழில் ஒரு பெட்டி திறப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு வேலை இருக்கு.

கட்டுகிறவர் நின்னுட்டா என்ன ஆகும்? 2014 ஏப்ரல் 8 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தியது. கணினி அன்னைக்கும் ஓடிச்சு, மறுநாளும் ஓடிச்சு. ஆனா அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. அதனால்தான் அந்தச் சமயத்தில் தமிழக அரசு தன் துறைகளுக்குப் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது. ஓடுகிற மென்பொருள் எல்லாம் உயிரோடு இருக்கும் மென்பொருள்னு அர்த்தம் இல்லை. யாராவது அதைத் தொடர்ந்து கட்டிக்கிட்டே இருந்தால்தான் அதுக்கு உயிர்.

நல்ல டிசைன், தப்பான பெட்டி

இப்போ பயமுறுத்துற ஒரு விஷயம் சொல்றேன். எக்ஸ்இசட் என்று ஒரு சின்னக் கருவி. ஃபைல்களைச் சுருக்கி வைக்கும் வேலை அதுக்கு. உலகத்தின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது உண்டு. அதைப் பல வருஷமாகப் பராமரித்தவர் ஃபின்லாந்துக்காரர் லாஸ்ஸே காலின். சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் செய்த வேலை. 2021 வாக்கில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு வருஷத்துக்கும் மேலே ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். புதிய பதிப்புகளை வெளியிடும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில் ஒரு திருட்டு வாசல் இருந்தது. எங்கே ஒளித்திருந்தாங்க தெரியுமா? சோதனைக்காக வைத்த ஃபைல்களுக்குள் நச்சு நிரல். அதை எழுப்பிவிடும் வரியோ, எல்லாரும் படிக்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டித் தந்த பொட்டலத்தின் பில்ட் கட்டளைகளுக்குள் இருந்தது. டிசைன் பேப்பரை எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது. பெட்டி கட்டுற இடத்தில்தான் கோளாறு.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டிக்கொண்டே போய், 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். அப்போது அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகள் வரைதான் போயிருந்தது. பொதுமக்களும் நிறுவனங்களும் பயன்படுத்தும் நிலையான பதிப்புக்குப் போகவில்லை. அரை நொடியை ஒருத்தர் அலட்சியம் செய்யாததால் பெரிய ஆபத்து தப்பியது.

இதற்கு மாற்று உண்டா? 2013இலிருந்து டெபியன்காரர்கள் ஒரு முயற்சி செய்து வருகிறார்கள். ஒரே மூல நிரலை இரண்டு பேர் இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கட்டினால், முடிவில் வரும் பொட்டலம் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்கணும். கேட்க எளிது. ஆனா கட்டின தேதி, நேரம், கணினியில் இருந்த ஃபோல்டரின் பெயர் போன்றவைகூட உள்ளே போய் உட்கார்ந்து வித்தியாசத்தை உண்டாக்கிவிடும். அதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கணும். நீக்கிட்டா, 'இந்தப் பெட்டி இந்த டிசைனிலிருந்துதான் வந்தது' என்று யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம்.

பால்கோவா பெட்டியும் செயலியின் முத்திரையும்

பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனா பெட்டியில் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா'ன்னு யார் வேணும்னாலும் அச்சடிச்சு பஸ்ல ஏறி விற்கலாம். பெயரை மட்டும் பார்த்து நம்ப முடியாது. எங்கே வாங்கினோம்னு பார்க்கணும்.

செயலிக்கு ஒரு டிஜிட்டல் முத்திரை உண்டு. கட்டி முடித்ததும் ஒரு ரகசியச் சாவியால் அதைப் போடுவாங்க. ஏற்கெனவே உங்க போனில் இருக்கும் செயலிக்கு அப்டேட் வந்தால், அதே முத்திரை இருக்கான்னு ஆண்ட்ராய்டு பார்க்கும். இல்லைன்னா ஏற்காது. நீங்க கேட்காமலேயே உங்களுக்குக் காவல் நிற்கிறது இது.

ஆனா இதில் ஒரு சந்து இருக்கு. மோசடிக்காரர் உண்மையான செயலியை மாற்றப் பார்க்க மாட்டார். அதே படம், அதே பெயர் வைத்து, வேற ஒரு புதுச் செயலியாக அனுப்புவார். புதுசுக்கு ஒப்பிட்டுப் பார்க்க பழைய முத்திரை கிடையாது. 'தெரியாத இடத்திலிருந்து வருது, நிறுவலாமா'ன்னு போன் உங்களைத்தான் கேட்கும். ஆயிரக்கணக்கான பேர் காவல் காத்த பாதை அந்த ஒரு கேள்வியில் வந்து முடியுது. நீங்க 'சரி'ன்னு அழுத்திட்டா, அந்தக் காவல் எதுவும் இல்லாத குறுக்குப் பாதை வழியாக ஒருத்தர் உள்ளே வந்துடறார்.

அபராத ரசீது, பிஎம் கிசான் பணம், வங்கி கேஒய்சி, கல்யாணப் பத்திரிகை என்று பல பெயர்களில் இந்த ஏபிகே ஃபைல்கள் வாட்ஸ்அப்பில் சுத்துது. தெரிஞ்சவங்க நம்பரிலிருந்தே வரும், ஏன்னா அவங்க போனை ஏற்கெனவே பிடிச்சிருப்பாங்க. நிறுவினதும் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துட்டா, வங்கியிலிருந்து வரும் ஓடிபி உங்க கண்ணுக்கு முன்னால் அவங்களுக்குப் போகும். ஓடிபியை நீங்க யாருக்கும் சொல்லியிருக்கவே மாட்டீங்க. ஆனாலும் பணம் போயிருக்கும்.

அப்டேட் ஏன் எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை

'பக்கத்து வீட்டுத் தம்பிக்கு வந்த அப்டேட் எனக்கு வரலையே'ன்னு கேட்பீங்க. பெரும்பாலும் அது கோளாறு இல்லை, எச்சரிக்கை. புதிய பதிப்பை முதலில் நூற்றில் ஒருத்தர், ரெண்டு பேருக்கு மட்டும் அனுப்புவாங்க. பிரச்சினை வரலைன்னா பத்து பேர், ஐம்பது பேர், பிறகு எல்லாருக்கும்.

அப்படிப் படிப்படியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான ஃபைலால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம்ம நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதனால், உங்களுக்கு ரெண்டு நாள் தாமதமாக வரும் அப்டேட் உங்களைக் காப்பாற்றத்தான் காத்திருக்குன்னு நினைச்சுக்குங்க. ஆனா வந்த பிறகு நீங்க தாமதிக்காதீங்க. ஓட்டையை அடைத்த செய்தி வெளியே வந்ததும், 'இங்கே ஓட்டை இருந்தது'ன்னு திருடனுக்கும் தெரிஞ்சுடும்.

நீங்க செய்ய வேண்டியவை

1. செயலியை பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டும் நிறுவுங்க. அங்கேயும் உருவாக்கியவர் பெயரைப் பாருங்க. அரசுச் செயலி என்றால், துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் கொடுத்திருக்கும் இணைப்பு வழியாகப் போவது இன்னும் நல்லது. அரசு இணையதள முகவரி பெரும்பாலும் ஜிஓவி டாட் இன் என்று முடியும்.

2. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலைத் திறக்காதீங்க. சொந்தக்காரர் அனுப்பியிருந்தாலும், முதலில் போன் போட்டுக் கேளுங்க. அபராதம் உண்மையா என்று பார்க்கணும்னா, அரசின் இ-சலான் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு நீங்களே பாருங்க.

3. போன் செட்டிங்ஸில், தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதி வாட்ஸ்அப்புக்கும் பிரவுசருக்கும் இருந்தால் எடுத்துடுங்க.

4. செயலி அனுமதி கேட்கும்போது ஏன்னு யோசிங்க. அபராதம் காட்டும் செயலிக்கு உங்க எஸ்எம்எஸ் எதற்கு?

5. வைஃபை இருக்கும்போது தானாக அப்டேட் ஆகும்படி வைத்துக்குங்க. பழைய போன் வாங்கும் முன், செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வந்ததுன்னு பாருங்க. ரெண்டு மூணு வருஷம் பழசா இருந்தா, அதில் வங்கி வேலை வேண்டாம்.

6. தவறி நிறுவிட்டீங்கன்னா, உடனே ஃப்ளைட் மோட் போடுங்க, வைஃபை நின்னுடுச்சான்னும் பாருங்க. வேற போனிலிருந்து 1930க்கு அழைங்க, வங்கிக்கும் சொல்லுங்க. சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வந்த செய்தியைப் படம் பிடித்து வைங்க. பிறகு அந்தச் செயலியை நீக்குங்க. நீக்க முடியலைன்னா போனை முழுசா ரீசெட் பண்ணணும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்காதீங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

படிக்கிற பிள்ளைகளுக்கு

கல்லூரியில் கணினி படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. செயலி எழுதணும் என்று எல்லாருக்கும் ஆசை இருக்கு. கட்டிப் பராமரிக்கத்தான் ஆள் குறைவு. எக்ஸ்இசட் கதையில் மோசடிக்காரர் உள்ளே வந்ததே, ஒரு தனி மனிதர் சுமையோடு தவித்துக்கொண்டிருந்த இடத்தில்தான். டெபியன் போன்ற திட்டங்களுக்குப் பங்களிக்க யாருடைய சிபாரிசும் வேண்டாம். ஒரு பழைய மடிக்கணினியும் இணையமும் போதும். முதல் நாளே பெரிசா செய்யணும்னு இல்லை. ஒரு பொட்டலத்தை உங்க கணினியில் கட்டிப் பாருங்க. எங்கே உடையுதுன்னு எழுதி அனுப்புங்க. நிறுவியின் தமிழ் வரிகளில் புரியாத இடம் இருந்தால் திருத்தம் சொல்லுங்க. தளவாய்புரத்தில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம்.

நைட்டியில் தையல் பிரிஞ்சா, கடைக்காரர் திருப்பி அனுப்பிடுவார். செயலியில் தையல் பிரிஞ்சா, போறது ஒரு குடும்பத்தின் சேமிப்பு. அதனால் வீட்டுக்குப் போனதும் ரெண்டு வேலை செய்யுங்க. தள்ளிவைத்த அப்டேட்களைப் போடுங்க. வீட்டில் இருக்கும் பெரியவங்க போனை வாங்கி, அந்த மூணாவது செட்டிங்கை நீங்களே சரி பண்ணிக் கொடுங்க.